மாதிரி வெளிநாட்டவர் கோவிந்தன்

பெங்களூர் ஈஜிபுராவில் பிறந்து, அடுகோடிப் பட்டறை ஒன்றில் தொழில் பழகி, துபாயில் பதினோரு வருடம் லிஃப்ட் மாட்டிய கோவிந்தன், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு வெளிநாட்டவர் ஆனான். வெளிநாட்டில் இருந்தவரை ஆகவில்லை. அங்கே அவனுக்குப் பெயர் லேபர். ஓர் அறையில் எட்டுப் பேர் படுத்தார்கள். ஒருவன் புரண்டால் மற்ற ஏழு பேரும் புரண்டாக வேண்டும். சொந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோதுதான் அந்தக் கௌரவம் அவனைத் தேடிப் பிடித்தது.

இதில் மாயம் ஒன்றும் இல்லை. அவன் வேலை பார்த்த துபாய்க் கம்பெனியை ஐரோப்பாவின் குளிர்தேசக் கம்பெனி ஒன்று வாங்கியது. வாங்கிய கையோடு எல்லாருடைய வேலைக் காகிதங்களையும் தன் தலைமையகத்துக்கு மாற்றிக்கொண்டது. அந்தத் தேசத்தைக் கோவிந்தன் பார்த்ததில்லை. அங்கே பனி பெய்யும் என்று கேள்விப்பட்டதோடு சரி. அந்தக் கம்பெனி பெங்களூரில் வானத்தைத் தொடுகிற கட்டடம் ஒன்றுக்கு லிஃப்ட் மாட்டும் வேலையை எடுத்தது. கோவிந்தன் மேலதிகாரியின் காலில் விழாத குறையாகக் கேட்டு அந்த வேலையை வாங்கினான். இரண்டு வருடம். மகள் பார்கவி பி.யு.சி. படிக்கிறாள். அவள் ஒன்றாம் வகுப்புக்குப் போனது, பல் விழுந்தது, பெரியவளானது எல்லாம் அவனுக்கு போன் திரையில்தான் நடந்தன. மிச்சத்தையாவது நேரில் பார்த்துவிடலாம் என்று நினைத்தான்.

ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு அனுப்பப்படும் ஊழியர் 'எக்ஸ்பாட்' என்பது தலைமையகத்தின் விதி. பதினோரு வருடத்துக்கு முன் அவன் பெங்களூரிலிருந்து துபாய் போனதும் ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குத்தான். ஏனோ அன்றைக்கு அந்த விதி யாருடைய ஞாபகத்துக்கும் வரவில்லை.

விஷயத்தை மனைவி சரசுவிடம் போனில் சொன்னான்.

"எக்ஸ்பாட்னா இன்னாய்யா? சம்பளம் ஏறுமா, எறங்குமா?"

"ஏறுது சரசு. அதுக்கு மேல கஷ்டப் படின்னு ஒரு அலவன்ஸ் தனியா தர்றாங்களாம்."

"இன்னா கஷ்டத்துக்கு?"

"பெங்களூர்ல இருக்கற கஷ்டத்துக்கு."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது.

"இத்தன வருஷமா நான் இங்கதான்யா இருக்கேன்," என்றாள் சரசு. "என் பாக்கிய யாருகிட்ட கேக்கறது?"

விமான நிலையத்தில் அவனுக்காக இரண்டு தரப்பார் காத்திருந்தார்கள். கம்பித் தடுப்பின் இந்தப் பக்கம் சரசுவும் பார்கவியும். அந்தப் பக்கம், 'மிஸ்டர் கோவிந்தன்' என்று எழுதிய பலகையும் சந்தன மாலையுமாக டோரீன். கம்பெனி தன் எக்ஸ்பாட்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை 'உலக நகர வாழ்க்கைச் செலவு ஒப்பீட்டு மையம்' என்ற அமைப்பிடம் விட்டிருந்தது. எந்த ஊரில் ஒரு வெளிநாட்டவர் வாழ எவ்வளவு செலவாகும் என்று உலகத்து ஊர்களையெல்லாம் வருடாவருடம் வரிசையில் நிறுத்தி ரேங்க் கொடுப்பது மையத்தின் தொழில். டோரீன் அதன் வரவேற்பு அதிகாரி. காக்ஸ் டவுன்காரி, தமிழ் வீட்டில் பேசுவாள், அலுவலகத்தில் மறைத்துக்கொள்வாள்.

"வெல்கம் டு பெங்களூரு, மிஸ்டர் கோவிந்தன்! இது உங்களுக்கு ஃபர்ஸ்ட் டைமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டு மாலையைப் போட்டாள். அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"நான் ஈஜிபுரா, மேடம்," என்றான் கோவிந்தன் தமிழில். "இவங்க என் ஒய்ஃப். இது என் பொண்ணு."

டோரீன் கையிலிருந்த டேப்லட்டைப் பார்த்தாள். முகம் வாடியது. "உங்க பேர்ல குடும்பம் கூட வரலன்னு போட்டிருக்கே."

"குடும்பம் இங்கதான இருக்கு?"

"அதான் பிராப்ளம். எக்ஸ்பாட் ஃபேமிலின்னா வெளிநாட்டுலருந்து கூடவே வரணும். இங்கயே இருந்தா அவங்க லோக்கல். லோக்கலுக்கு கார்ல சீட் கெடையாது, ஃபிளாட்ல பெட் கெடையாது."

"நான் மூணு பஸ்ஸு மாறி வந்திருக்கேன்மா," என்றாள் சரசு. "வெளிநாட்டுக்காரங்ககூட ஒரே பிளேன்லதான் வர்றாங்க. இது பத்தாதா?"

பத்தவில்லை. வேறு வழியும் மையம் வைத்திருந்தது: சரசுவும் பார்கவியும் பாஸ்போர்ட் எடுத்து, குளிர்தேசத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தால் 'உடன் வரும் குடும்பம்' ஆகிவிடலாம். அதுவரை கோவிந்தன் தனியாள். சரி, தனியாளாக ஈஜிபுராவில் சொந்த வீட்டில் தங்கிக்கொள்கிறேன் என்றான். டோரீன் ஒரு வரைபடத்தைக் காட்டினாள். வெளிநாட்டவர் வசிக்கத் தகுந்த இடங்கள் அதில் பச்சையாக இருந்தன. ஈஜிபுரா இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சாம்பல் நிறம். பெயர்கூட இல்லை.

"பச்சைக்கு வெளிய தங்கினா எக்ஸ்பாட் ஸ்டேட்டஸ் போயிடும்," என்றாள் டோரீன். பிறகு அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அது போனா போஸ்டிங்கும் போயிடும்ண்ணா. திரும்ப துபாய்க்கு ஏத்தி விட்ருவாங்க."

குடும்பத்தோடு ஒரே ஊரில் இருக்க வேண்டுமானால் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. கோவிந்தன் இதை மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் வந்தது. காரில் ஏறினான். சரசுவும் பார்கவியும் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்கள். வீட்டில் அவனுக்காகச் செய்துவைத்த கறிக்குழம்பை அன்று பக்கத்து வீட்டார் சாப்பிட்டார்கள்.

ஒயிட்ஃபீல்டில், இத்தாலிய ஊர் ஒன்றின் பெயரைத் தாங்கிய குடியிருப்பில், பதினாலாவது மாடி. ஜன்னலிலிருந்து பார்த்தால் தண்ணீர் லாரிகள் வரிசையாகத் தெரிந்தன. மறுநாள் காலை அவனுக்குக் 'கலாசார அறிமுக வகுப்பு'. நடத்தியவன் அஷ்வத். நாகர்பாவி பையன், மையத்தின் தரவுத் தரம் அவன் பொறுப்பு. வகுப்பில் இருந்த ஒரே மாணவன் கோவிந்தன். ஆனாலும் அஷ்வத் மைக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசினான்.

இங்கே வண்டிகள் ஹாரன் அடிக்கும், அது கோபமல்ல. இங்கே ரோட்டைக் கடக்கக் கையை நீட்டியபடி நடக்க வேண்டும், கண்ணை மூடக் கூடாது. தலையை இப்படி ஆட்டினால் ஆமாம், இப்படி ஆட்டினால் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஆட்டினால் நாளைக்கு வா. கோவிந்தன் இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டி அபார மதிப்பெண் வாங்கினான். பிறகு ஒரு தட்டில் இட்லி வந்தது.

"பயப்படாதீங்க சார். இது வேகவச்ச அரிசிக் கேக். மொதல்ல சின்னப் பீஸ். சட்னி ஸ்வல்ப காரம், பக்கத்துல தண்ணி வச்சிக்குங்க. பாட்டில் தண்ணி."

கோவிந்தன் நான்கு இட்லியைச் சட்னியில் முக்கி விழுங்கினான். இன்னும் ரெண்டு கிடைக்குமா என்று கேட்டான். அஷ்வத் கவலையோடு எதையோ குறித்துக்கொண்டான்.

"கடைசியா ஒரு எச்சரிக்கை சார். இந்த ஊர்க்காரங்க முன்பின் தெரியாதவங்ககிட்டகூட, நீங்க எந்த ஊரு, சம்பளம் எவ்வளவு, கல்யாணம் ஆச்சான்னு கேப்பாங்க. மனசு சங்கடப்படக் கூடாது."

"உனக்கு இன்னும் ஆவலியா தம்பி?" என்றான் கோவிந்தன், நிஜமான அக்கறையோடு.

"பாருங்க, பாருங்க!" அஷ்வத் பூரித்துப்போனான். "ஒரே நாள்ல லோக்கல் பழக்கத்தைப் பிடிச்சிட்டீங்களே!"

அந்த வாரக் கடைசியில் கோவிந்தனை மையத்தின் இயக்குநர் ப்ரஹ்லாத் கூப்பிட்டனுப்பினார். அவருடைய முன்னோர்கள் மைசூர் அரண்மனைக் கணக்கில் கையெழுத்துப் போட்டவர்கள். மல்லேஸ்வரத்தில் மூன்று தலைமுறையாக அதே வீடு. வீட்டுக்குள் தமிழ், வாசலில் கன்னடம், காருக்குள் ஏறினால் ஆங்கிலம். கோவிந்தனுக்காக மனமிரங்கித் தமிழில் பேசினார்.

"வாங்கோ. உங்களை மாதிரி ஒருத்தர்தான் எங்களுக்கு இப்போ மிச்சம், தெரியுமோ? ஒவ்வொரு ஊர்லயும் சில எக்ஸ்பாட்களைப் பொறுக்கி, அவா என்ன வாங்கறா, எங்க சாப்பிடறான்னு கேட்டுத்தான் ஊருக்கு ரேங்க் போடறோம். இங்க அருமையான ஜப்பான் எஞ்சினியர் ஒருத்தர் இருந்தார். திடீர்னு ராகி முத்தே, அதான் களி, சாப்பிட ஆரம்பிச்சுட்டார். அப்புறம் ஒரு ஜெர்மன் அம்மா. பத்து மாசத்துல கன்னடம் கத்துண்டு ஆட்டோக்காரன்கிட்ட சண்டை போட்டா. ஆட்டோ கட்டணம் பாதியாயிடுத்து, பெங்களூர் நாலு இடம் இறங்கிடுத்து. ரெண்டு பேரையும் எடுக்க வேண்டியதாப் போச்சு. எங்க பாஷையில அதுக்குப் பேர் கலப்படம்."

"எறங்கினா நல்லதுதான சார்? வெல கம்மின்னு அர்த்தம்."

ப்ரஹ்லாத் அவனைப் பார்த்த பார்வையில் வலி இருந்தது.

"அப்படி யோசிக்கவே படாது. ஹைதராபாத் ஆபீஸ்ல அவா ஊர் நமக்கு மேல போயிட்டதுன்னு கேக் வெட்டினா. எனக்கு ரெண்டு நாள் சாதம் இறங்கலை. பாருங்கோ கோவிந்தன், இந்த ஊர்ல ஒரு மனுஷன் எவ்வளவுல வாழலாம்னு நாம கணக்கெடுக்கறதில்லை. அதை எடுத்தா அசிங்கமாப் போயிடும். இந்த ஊர்ல வாழத் தெரியாத ஒருத்தர் எவ்வளவு செலவழிப்பார், அதுதான் நம்ம சயின்ஸ்."

அவன் கொடுத்த முதல் வாரச் செலவு விவரம் மேஜைமேல் கிடந்தது. ஈஜிபுரா சிக்னல் அருகே தள்ளுவண்டியில் முட்டை தோசை. சிட்டி பஸ். சந்தையில் கூறு போட்ட தக்காளி. பக்கத்தில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான் அஷ்வத்.

"சார், நீங்க வாழற மாதிரி சொல்லாதீங்க. நீங்க வாழ வேண்டிய மாதிரி சொல்லுங்க."

அன்றிலிருந்து கோவிந்தன் வாழ வேண்டிய மாதிரி வாழ்ந்தான். உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரிச் சாமான்தான். அப்போதுதான் ஊருக்கு ஊர் ஒப்பிட முடியும். இரண்டு வருடம் பதப்படுத்திய சீஸ் வாங்கினான். ஆலிவ் காயை உப்புத்தண்ணீரோடு வாங்கினான். நாடக அரங்கில் முன்வரிசை டிக்கெட் வேண்டும் என்றது தலைமையகம். அதற்கு இணையாக, சாய்ந்து தூங்கக்கூடிய சினிமா சீட்டை அஷ்வத் அங்கீகரித்தான். பனிச்சறுக்குக் காலணி கட்டாயம் என்றார்கள். பெங்களூரில் பனிக்கு எங்கே போவது? மையம் ஒருநாள் முழுக்கக் கூடிப் பேசி, மழைக்காலத்தில் ரிங் ரோடைக் கடப்பதற்கான முழங்கால் பூட்ஸை இணையாக ஏற்றது. சீஸை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். சரசு மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "பாவம்யா, உன்ன நல்லா ஏமாத்திட்டாங்க, ஊசிப் போனத குடுத்திருக்காங்க," என்று போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் பார்கவியும் அவனைப் பார்க்க வருவார்கள். வாசலில் காவலுக்கு நிற்கும் நாகேஷ் ஒக்கலிபுரத்துக்காரன். வெட்கத்தோடுதான் சொல்வான்.

"அக்கா, விசிட்டர்னா விளக்கு வைக்கறதுக்குள்ள கெளம்பிடணும். இல்லன்னா என் வேலைக்கு பேஜாராயிடும்."

"எவன் பொண்டாட்டி எவன் வீட்டுக்குடா விசிட்டரு?" என்பாள் சரசு. ஆனாலும் கிளம்பிவிடுவாள். நாகேஷுக்கும் பிள்ளைகள் உண்டு.

மூன்றாவது ஞாயிறு, லிஃப்ட் கதவு மூடும்போது பார்கவி "பை அங்கிள்" என்று சொல்லிக் கையை ஆட்டினாள். கேலிக்குத்தான் சொன்னாள். கதவு மூடிய பிறகும் கோவிந்தன் அங்கேயே நின்றான். மறுநாள் டோரீனுக்கு போன் செய்து, ஏதாவது செய்யுங்கள் என்றான். டோரீன் மையத்தின் விதிகளையெல்லாம் புரட்டிவிட்டு நேரிலேயே வந்தாள். சரசுவையும் வரச் சொல்லியிருந்தாள். டோரீன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ஒரே ஒரு கேட்டகிரிதான் இருக்கு. தப்பா நெனச்சுக்காதீங்க சரசு. நீங்க ஒய்ஃபா இந்த ஃபிளாட்ல தங்க முடியாது. ஆனா எக்ஸ்பாட் சார் ஒரு வேலையாள் வச்சிக்கலாம். வீட்டோட தங்கற வேலையாள். அவங்களோட ஒரு பிள்ளையும் தங்கலாம்."

கோவிந்தன் எழுந்தேவிட்டான். "மேடம், போதும். என் பொண்டாட்டிய—"

"இரு," என்றாள் சரசு. டோரீன் பக்கம் திரும்பினாள். "சம்பளம் எவ்ளோ?"

"அது... எக்ஸ்பாட் ரேட்."

"வாரத்துல ஒருநாள் லீவா?"

"ஒருநாள்."

சரசு புருஷனைப் பார்த்தாள். "கல்யாணமான நாள்லருந்து இதே வேலைய சும்னே பண்றேன். இவங்க லீவும் குடுத்து காசும் தர்றேங்கறாங்க. நீ இன்னாத்துக்குய்யா குதிக்கிறே? முதலாளி மாதிரி ஒக்காரு."

இப்படியாக அந்தக் குடும்பம் ஒன்று சேர்ந்தது. வேலையாளின் சம்பளத்தை மையம் கோவிந்தனின் படியிலிருந்தே பிடித்துச் சரசுவிடம் கொடுத்தது. முன்பும் அவன் சம்பளம் அவளிடம்தான் போனது; இப்போது நடுவில் மையத்தின் சேவைக் கட்டணம் போக மிச்சம் போனது.

வேலையாட்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் ஏற வேண்டும். அதில் குப்பைக் கூடைகள், உடைந்த சோபாக்கள், காஸ் சிலிண்டர்கள், சரசு, பார்கவி. ஊரெல்லாம் லிஃப்ட் மாட்டிய கோவிந்தன் முதல் நாள் அவர்களோடு அதிலேயே ஏறினான். பொத்தானை அழுத்தும்போதே கயிற்றின் சத்தத்தைக் கேட்டு, "பேரிங் போயிருக்கு," என்று முணுமுணுத்தான். மேலே போவதற்குள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து புகார் போய்விட்டது. வெளிநாட்டுக்காரர் வேலைக்காரர்களோடு சமமாகப் பழகுவதால் மற்ற வீட்டு வேலைக்காரர்கள் கெட்டுப்போகிறார்களாம். அதன்பின் புருஷன் ஒரு லிஃப்டிலும் பொண்டாட்டி ஒரு லிஃப்டிலும் ஏறிப் பதினாலாவது மாடியில் சந்தித்துக்கொண்டார்கள். யார் முதலில் வருவது என்று பந்தயம் வைப்பாள் சரசு. தோற்றவர் டீ போட வேண்டும். சர்வீஸ் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்கும்; ஆகையால் பெரும்பாலும் வேலைக்காரியே டீ போட்டாள்.

இதற்கிடையே அஷ்வத் ஒரு கண்டுபிடிப்பு செய்தான். சீஸ் விலை ஏறினால் ரேங்க் இம்மிதான் நகர்கிறது. வேலையாள் சம்பளம் ஏறினால் ஊரே துள்ளிக் குதிக்கிறது. ப்ரஹ்லாத் பழத்தட்டோடு பதினாலாவது மாடிக்கே வந்துவிட்டார்.

"சரசு அம்மா, நீங்க கொஞ்சம் சம்பளம் ஜாஸ்தி கேக்கணும். ஊருக்காக."

"ஊருக்காகன்னா கேக்கறேன் சாமி."

கேட்டாள். கோவிந்தனின் படியை உயர்த்திக் கொடுத்தார்கள். மறுபடியும் கேட்டாள். அஷ்வத் தன் சம்பளத்தையும் அவள் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அன்று மத்தியானம் பாத்திரம் கழுவக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று டோரீனிடம் விசாரித்தான்.

எல்லாம் வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பார்கவி சொன்னாள்.

"எங்க கிளாஸ் அதிதி இங்கதான் ஏழாவது மாடியில இருக்கா. இன்னிக்கு சர்வீஸ் லிஃப்ட்ல பாத்துட்டா. எங்கம்மா இங்க வேலை செய்றாங்கன்னேன்."

"அப்புறம்?" என்றாள் சரசு.

"உங்கப்பா இன்னா பண்றாருன்னு கேட்டா." பார்கவி தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். "எனக்கு அப்பா இல்லன்னு சொல்லிட்டேன். வேற இன்னா சொல்றது? எங்க முதலாளிதான் எங்கப்பான்னா, கதை வேற மாதிரி போவும்ல?"

சரசு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு உள்ளே போய் நெடுநேரம் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். கோவிந்தன் பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்துகொண்டிருந்தான்.

வருடாந்திர ரேங்க் அறிவிப்பு விழா ஒரு நட்சத்திர ஓட்டலில் நடந்தது. மாதிரி வெளிநாட்டவர் என்ற முறையில் கோவிந்தனுக்கு வாடகைக் கோட்டு போட்டு மேடையில் உட்காரவைத்தார்கள். விருந்தினரின் டிரைவர்களுக்கும் வேலையாட்களுக்கும் கீழே பார்க்கிங்கில் பொட்டலச் சாப்பாடு. சரசுவும் பார்கவியும் அங்கே இருந்தார்கள். திரையில் பெங்களூர் ஏழு இடம் முன்னேறியதாக எழுத்து ஒளிர்ந்தது. ப்ரஹ்லாத் தழுதழுத்த குரலில் உரையாற்றினார். அது ஆங்கிலத்தில் இருந்தாலும் கண்ணீர் எல்லாருக்கும் புரிந்தது.

"நண்பர்களே, போன வருடத்தைவிட இந்த வருடம் இந்த ஊரில் வாழ்வது கடினம். (கைதட்டல்.) ஒரு காலத்தில் கையில் பையோடு யார் வேண்டுமானாலும் ரயிலைவிட்டு இறங்கி இங்கே வாழத் தொடங்கலாம் என்ற அவப்பெயர் நமக்கு இருந்தது. அதைத் துடைத்துவிட்டோம். (பலத்த கைதட்டல்.) இதே வேகத்தில் போனால், இங்கே வசிப்பவர்களாலேயே இங்கே வசிக்க முடியாது என்ற நிலையை நாம் எட்டும் நாள் தூரத்தில் இல்லை. நானே என் வீட்டை விற்றுவிடலாமா என்று யோசிக்கிறேன்!"

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அடுத்து கோவிந்தன் பேச வேண்டும். மையம் எழுதிக்கொடுத்ததை டோரீன் ஒரு வாரமாக அவனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதைச் சபையில் சொன்னால் அடுத்த வருடத்துக்கும் அவன் எக்ஸ்பாட். மைக் முன் நின்றான். ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"இந்த நகரத்துக்கு நான் வந்தபோது எனக்கு இங்கே யாரையும் தெரியாது."

"அட, கோவிந்தண்ணா!" தட்டில் கோழித் துண்டங்களை ஏந்திக்கொண்டு போன பரிமாறுகிற ஆள் அப்படியே நின்றான். ஈஜிபுராவில் பின்தெரு தினேஷ். "எப்ப வந்தீங்கண்ணா? இன்னா இது, கல்யாண மாப்ள கணக்கா?"

சபையில் சலசலப்பு. கோவிந்தன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"இந்த ஊரின் முகங்கள் எல்லாம் எனக்குப் புதியவை."

"மாமா, சௌக்கியமா?" என்றது ஜூஸ் தட்டு. "டேய், நம்ம கோவிந்தன்டா!" என்றது ஐஸ்க்ரீம் மேஜை. அன்றைக்குப் பந்தியைக் கான்ட்ராக்ட் எடுத்தவர் ஆட்களை எல்லாம் ஈஜிபுராவிலிருந்துதான் வேனில் ஏற்றி வந்திருந்தார். அங்கேதான் கூலி குறைவு.

ப்ரஹ்லாத் மேடையோரத்திலிருந்து மேலே படிக்கும்படி கைகாட்டினார். அடுத்த வரி ஒன்றே ஒன்று. 'இந்த நகரத்தில் எனக்கு உறவென்று யாரும் இல்லை; ஆனாலும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்.' கோவிந்தன் வாயைத் திறந்தான். முதல் சொல் வந்தது. இரண்டாவது வரவில்லை.

தினேஷ் மேடைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டான். அவனுக்குச் சபை நாகரிகம் தெரியாது. "அண்ணா, இப்பதான் கீழ பாத்தேன். சரசக்காவும் பாப்பாவும் பொட்டலத்த வச்சினு கார் பம்பர் மேல ஒக்காந்து சாப்பிடறாங்க. நீங்க இன்னாண்ணா இங்க?"

மைக் அதையும் விடாமல் எல்லாருக்கும் சொன்னது.

கோவிந்தன் காகிதத்தை மடித்து ப்ரஹ்லாதின் கையில் கொடுத்தான். "சார், மத்ததெல்லாம் சொன்னேன். சீஸ் துன்னேன், பூட்ஸ் போட்டேன். இத மட்டும் சொல்ல வரல சார். எனக்கு ஆளு இருக்காங்க. கீழதான் இருக்காங்க." கோட்டைக் கழற்றி நாற்காலியில் ஒழுங்காக மாட்டினான், வாடகைச் சாமான். பிறகு மேடையை விட்டு இறங்கிப் போனான். பார்க்கிங்கில் சரசு எதுவும் கேட்கவில்லை. பம்பரில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். பார்கவி தன் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினாள்.

மறுவாரம் கடிதம் வந்தது: கலப்படம். துபாய் திரும்ப வேண்டும், அல்லது விலகிக்கொள்ள வேண்டும். விலகிக்கொண்டான். அடுகோடியில் லிஃப்ட் பழுது பார்க்கும் சின்னக் கடை ஒன்றில் சேர்ந்தான். சம்பளத்தைச் சொன்னால் நீங்கள் வருத்தப்படுவீர்கள். கஷ்டம் மட்டும் அப்படியே இருந்தது, படி நின்றுவிட்டது. பார்கவி ஒருநாள் அதிதியை வீட்டுக்கு அழைத்துவந்து, "இது எங்கப்பா," என்று சொன்னாள். "உயிர் வந்துடுச்சி, அது ஒரு பெரிய கதை."

சில மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை டோரீன் போன் செய்தாள். கோவிந்தன் ஸ்பீக்கரில் போட்டான். சரசு பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எப்படியும் ஒருநாள் உங்களுக்குத் தெரிஞ்சிடும், அதான் நானே சொல்லிடறேன்ணா," என்றாள் டோரீன். "உங்கள எடுத்துட்டா பெங்களூருக்கு ஒரு எக்ஸ்பாட்கூட இல்ல. ரேங்க்கே போட முடியாது. அதனால உங்கள எடுக்கல."

"நான்தான் வந்துட்டனே மேடம்?"

"நீங்க வந்துட்டீங்க. கோவிந்தன் இன்னும் பதினாலாவது மாடியிலதான் இருக்கார். கம்ப்யூட்டர்ல. செலவெல்லாம் அஷ்வத்தே இட்டுக்கட்டி எழுதறான். இப்ப ரொம்ப நல்லாப் பண்றார்ணா அந்தக் கோவிந்தன். கோல்ஃப் கத்துக்கறார். ஒரு நாய் வாங்கியிருக்கார். இந்த வருஷம் இன்னும் அஞ்சு இடம் ஏறிடுவோம்னு ப்ரஹ்லாத் சாருக்கு ஒரே குஷி."

கோவிந்தனுக்குத் தன்னைவிட வசதியாக வாழும் தன்னை நினைத்துக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. சரசு கீரையைக் கீழே வைத்துவிட்டு போன் பக்கம் குனிந்தாள்.

"யாரும்மா சமைக்கிறாங்க அவருக்கு?"

"யாரும் இல்லீங்க. வேலையாள் செட் ஆகல. மூணு வேளையும் ஓட்டல்தான்."

"பொண்டாட்டி புள்ள?"

"ம்ஹூம். தனியாதான் இருக்கார்."

சரசு மறுபடி கீரையைக் கையில் எடுத்தாள்.

"பாவம்மா," என்றாள். "ஞாயித்துக்கிழமை நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு. கறி எடுக்கறோம்."